காரை இல்லாத கல்கட்டு: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், கொடைக்கானல் மேல்மலையில் சிமெண்டோ சுண்ணாம்போ இல்லாமல் வெறும் கல்லை அடுக்கி எழுப்பிய வயல் கட்டுகளைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நம் வடசென்னையிலிருந்துதான். மலைச்சரிவே கண்ணில் படாத தெருக்களில் இருந்துகொண்டு இத்தனை பேர் இதைப் பற்றிக் கேட்டிருப்பது எனக்குப் பெரிய சந்தோஷம். பணிக்காலத்தின் பெரும்பகுதியைப் பழனி மலையிலும் நீலகிரியிலும் மண் பாதுகாப்பு வேலையில் கழித்தவள் நான். ஓய்வு பெற்றதும் பிறந்த தண்டையார்பேட்டைக்கே திரும்பிவிட்டேன். இந்த முறை பக்கம் முழுக்க இந்தக் கடிதங்களுக்கே.

கேள்வி: மேடம், கோடை விடுமுறையில் பூம்பாறைக்குப் போயிருந்தோம். மலை முழுக்கப் படிப்படியாக வயல். சில படிகளுக்கு முன்னால் கல் சுவர், நடுவில் எந்தப் பூச்சும் இல்லை. விரலை விட்டுப் பார்த்தேன், உள்ளே போகிறது. எங்கள் தெருவில் சிமெண்ட் வைத்துக் கட்டிய மதிலே அடைமழைக்கு விழுகிறதே, அது எப்படி நிற்கிறது? – வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: எடைதான் நிறுத்துகிறது. ஒரு கன மீட்டர் கருங்கல் 2,600 கிலோவுக்கு மேல் இருக்கும். அடுக்கும்போது விழும் சந்துகளைக் கழித்தாலும் ஒரு கன மீட்டர் சுவரில் ஏறக்குறைய 2 டன் கல் உட்கார்ந்திருக்கிறது. மேல் கல் கீழ்க் கல்லை அழுத்துகிறது. அழுத்தம் கூடக் கூட, இரண்டு கல்லும் தொடும் இடத்தில் உராய்வும் கூடுகிறது. காரை செய்ய வேண்டிய வேலையை அந்த உராய்வு செய்கிறது.

நீங்கள் பார்த்தது இருபுறமும் முகம் உள்ள மதில் கிடையாது. அதற்கு ஒரு முகம்தான் உண்டு, முதுகில் மலை சாய்ந்திருக்கும். அந்தச் சுவர் எதற்கு என்றும் சொல்லிவிடுகிறேன். 100 அடி போனால் 25 அடி ஏறுகிற சரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 12 அடி அகலத்துக்கு மட்டமான பாத்தி வேண்டுமென்றால் 3 அடி உயரத்துக்கு ஒரு கட்டு வேண்டும். சரிவு அதிகமாக ஆக, அதே அகலத்துக்குக் கட்டின் உயரமும் ஏறும். இல்லையென்றால் பாத்தியைக் குறுக்கிக்கொள்ள வேண்டும். மலை விவசாயியின் கணக்கு முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்: எவ்வளவு மண் வேண்டும், அதற்கு எவ்வளவு கல் சுமக்க முடியும்?

பூம்பாறையில் எல்லாப் படியும் கல்கட்டு என்று நினைத்துவிடாதீர்கள். புல் முளைத்த மண்வரப்புகளும் நிறைய. கல் கிடைத்த இடத்தில் கல், கிடைக்காத இடத்தில் மண்ணும் புல்லும். வயலை உழும்போது கொழுவில் மாட்டுகிற கல்லை வெளியே எடுத்துப் போட்டே ஆக வேண்டும். அதைக் கட்டில் வைத்தால் வயலும் சுத்தம், வரப்பும் தயார்.

கேள்வி: நான் சிவில் டிப்ளமா இரண்டாம் வருடம். ரிடெய்னிங் வால், அதாவது மண்ணைத் தாங்கும் சுவர் என்றால் எங்களுக்கு ஆர்சிசி என்கிற கம்பி போட்ட கான்கிரீட்தான் சொல்லித் தருகிறார்கள். கல்லை அடுக்கிய சுவர் கணக்குப் போட்டால் நிற்குமா மேடம்? – மாணவர், கொடுங்கையூர்

பதில்: நிற்கும். நோட்டை எடு, சேர்ந்தே போடலாம்.

2 மீட்டர் உயரக் கட்டு. பின்னால் உள்ள மண்ணின் எடை கன மீட்டருக்கு 1.8 டன், உராய்வுக் கோணம் (மண் சரியாமல் நிற்கும் சாய்வு) 30 டிகிரி என்று வை. தண்ணீர் வடிந்த நிலையில், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் மண்ணின் தள்ளல் சுமார் 1.2 டன் வரும். அதே மண்ணில் மேல் மட்டம் வரை தண்ணீர் நிரம்பிவிட்டால்? தண்ணீரின் தள்ளல் மட்டுமே 2 டன். தண்ணீரில் மூழ்கி எடை குறைந்த மண்ணின் பங்கையும் சேர்த்தால் 2.6 டன் பக்கம் போகும். ஒரே மண், ஒரே உயரம், தள்ளல் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல்.

இப்போது சுவரைப் பார். சராசரி 80 சென்டிமீட்டர் கனம் இருந்தால் ஒரு மீட்டர் நீளத்துக்கு 1.6 கன மீட்டர், அதாவது 3.2 டன் எடை. அடியில் உராய்வுக் கெழு 0.6, அதாவது எடையில் 0.6 பங்கை உராய்வு தாங்கும் என்று எடுத்தால் 1.9 டன் வரை வழுக்காமல் தாங்கும். மண் வடிந்திருந்தால் சுவர் நிற்கிறது. தண்ணீர் தேங்கினால் போய்விடுகிறது. கட்டின் உயிர் எங்கே இருக்கிறது என்று இந்த மூன்று எண்களிலேயே தெரிகிறது, இல்லையா? ஒவ்வொரு சந்தும் ஒரு வடிகால். அதனால் அடைமழையிலும் பின்னால் தண்ணீர் மட்டம் ஏறாது. காரை போட்டுக் கட்டிய சுவருக்கு நாம் தனியாக வடிகால் துளை விட வேண்டியிருக்கிறது. அந்தத் துளை மண்ணால் அடைத்துக்கொண்டால் சுவர் மழையில் முன்னால் வந்து விழும். மேலே கடிதம் எழுதிய வண்ணாரப்பேட்டை வாசகியின் தெரு மதிலுக்கும் அநேகமாக இதுதான் நடந்திருக்கும்.

இன்னொன்று. காரைச் சுவர் அசைவைத் தாங்காது. அடிநிலம் ஓர் அங்குலம் இறங்கினால் மேலிருந்து கீழ்வரை வெடிப்பு விடும். கல்கட்டு அந்த அங்குலத்தைத் தனக்குள் பங்கு போட்டுக்கொள்ளும். கொஞ்சம் உட்காரும், கொஞ்சம் வளையும், விழப்போகிறது என்றால் பல மாதங்களுக்கு முன்பே வயிறு தள்ளிக் காட்டிவிடும். உங்கள் கல்லூரியில் இதைப் பாடமாக வைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: அக்கா, நான் ரொம்ப வருஷமா கொத்தனார் வேலை பார்க்கிறேன். சாந்து இல்லாமல் எனக்குக் கை ஓடாது. இந்த மாதிரிக் கட்டு வைக்கக் கற்றுக்கொள்ள முடியுமா? என்ன முறை? – வாசகர், திருவொற்றியூர்

பதில்: தம்பி, உங்களுக்குப் பாதி வேலை ஏற்கெனவே தெரியும். மூட்டின் மேல் மூட்டு வரக்கூடாது என்று செங்கல்லில் பார்க்கிறீர்களே, இங்கேயும் அதுதான் முதல் விதி. கீழே இரண்டு கல் சேரும் இடத்தின் மேல் ஒரு கல் நடுவாக உட்கார வேண்டும். மூட்டுகள் வரிசையாக ஏறிவிட்டால் சுவர் அந்த இடத்தில் இரண்டாகப் பிரியும்.

மீதிப் பாதியில் சாந்தை மறக்க வேண்டும். சாந்து இருந்தால் கல் கோணலாக இருந்தாலும் கொலுறால் அள்ளி வைத்து மட்டப்படுத்திவிடலாம். இங்கே கல்லேதான் கல்லில் உட்கார வேண்டும். வைத்த கல்லை உள்ளங்கையால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் எடுத்துத் திருப்பிப் போடுங்கள். அல்லது பின்பக்கமிருந்து சின்ன ஆப்புக்கல் கொடுங்கள். முன்பக்கமிருந்து ஆப்பு செருகினால் பார்க்க அழகாக இருக்கும், மழைக்கும் வெயிலுக்கும் நழுவி ஒருநாள் வெளியே விழுந்துவிடும்.

முறையைச் சொல்கிறேன். கெட்டி மண் வரும்வரை வானம் (அடித்தளப் பள்ளம்) தோண்டுங்கள். அதன் தளம் மலைப்பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருக்கட்டும். அடிக்குப் பெரிய கல். அகலம், உயரத்தில் பாதியாவது வேண்டும்: 4 அடி கட்டுக்கு அடியில் 2 அடி. முகப்பு நேராக ஏறக்கூடாது, 6 அடி உயரத்துக்கு 1 அடி என்ற கணக்கில் மலைப்பக்கம் சாய வேண்டும். நூல் கட்டுங்கள், தூக்குக்குண்டுக்குப் பதில் இந்தச் சாய்வில் இரண்டு சட்டம் அடித்து நட்டுக்கொள்ளுங்கள்.

கல்லின் நீளப் பக்கம் சுவருக்குள் போக வேண்டும். புதிதாகக் கட்டுகிறவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள். நீளப் பக்கத்தை முகப்பில் வைத்தால் வேலை வேகமாக ஓடுவது போலத் தெரியும், பார்வைக்கும் பெரிய கல்லாகத் தெரியும். ஆனால் அந்தக் கல்லைப் பின்னால் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. கல்லின் தலை மட்டும் வெளியே, உடம்பு உள்ளே. அப்புறம், மூன்றடிக்கு ஒன்றாவது நல்ல நீளக்கல், முகப்பிலிருந்து பின்மண் வரை போகிற மாதிரி. அது முகப்பையும் முதுகையும் சேர்த்துப் பிடிக்கும்.

முகப்புக் கல்லுக்குப் பின்னால் உள்ள இடத்தில் உடைகல், சல்லி. இதைக் கூடையால் கொட்டவே கூடாது. கையால் ஒவ்வொன்றாகப் பொருத்த வேண்டும், மண் கலக்கக் கூடாது. மண் கலந்தால் மழையில் கரைந்து வெளியேறும், உள்ளே பள்ளம் விழும், முகப்பு உள்ளே இழுக்கும். அதற்கும் பின்னால் ஓர் அடிக்காவது வெறும் கல் விட்டு, பிறகுதான் மண். கடைசி வரிசைக்கு எடுத்து வைத்திருக்கும் கனமான தட்டைக் கல். மாடு ஏறினாலும் ஆள் ஏறினாலும் அது நகரக்கூடாது.

நான் மலையில் பார்த்த நல்ல கட்டாளிகள் எல்லாரும் வேலை தொடங்கும் முன் கல்லைப் பிரிப்பார்கள். மன்னவனூரில் ஒரு பெரியவர் இருந்தார். காலையில் வந்ததும் ஒரு கல்லைக்கூட வைக்கமாட்டார். அடிக்கல் ஒரு பக்கம், நீளக்கல் ஒரு பக்கம், மேல்வரிசைக்கான தலைக்கல் ஒரு பக்கம், சல்லி ஒரு குவியல் என்று பிரிக்கவே வெயில் ஏறிவிடும். மேற்பார்வைக்கு வருகிறவர்களுக்கு அவர் சும்மா நிற்பது போலத்தான் தெரியும். மதியத்துக்குப் பிறகு பார்த்தால், மற்றவர்கள் கட்டியதைவிட அவர் பக்கம் நீளம் அதிகமாக இருக்கும். எந்தக் கல் எங்கே கிடக்கிறது என்று கண் ஏற்கெனவே எடுத்துவைத்துவிட்டதே!

அவர் வேலையில் பாதி, அவரோடு வரும் பெண்கள் செய்தது. உள்கல் பொருத்துவது அவர்கள்தான். அந்த வேலைக்கு எங்கேயும் சித்தாள் கூலிதான் வழக்கம், அதில் எனக்கு ஒருநாளும் சம்மதம் இல்லை. முகப்பைப் பார்த்துத்தான் எல்லாரும் பாராட்டுகிறார்கள். உள்ளே சல்லி தளர்ந்தால் அந்த முகப்பு எத்தனை வருஷம் நிற்கும்? உங்களோடு வேலை செய்யும் சித்தாளுக்கும் இதைக் கற்றுக்கொடுங்கள் தம்பி. ஒருவர் மட்டும் கற்றால் போதாத தொழில் இது.

வேகத்தைப் பற்றி: இங்கிலாந்தில் இடுப்புக்கு மேல் உயரமான, இரு முகம் உள்ள வயல் மதிலைத் தேர்ந்த ஆள் ஒருவர் நாளுக்கு 3 மீட்டர் அளவு கட்டுவார். அதைவிட வேகமாகக் கட்ட ஆசைப்பட வேண்டாம்.

கேள்வி: நம்ம கரையில கொட்டி வச்சிருக்கிற கல்லும், கடலுக்குள்ள நீட்டிப் போட்ட தூண்டில் வளைவும்கூட சிமெண்ட் இல்லாமதானே நிக்குது? ரெண்டும் ஒண்ணா? – ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளர், காசிமேடு

பதில்: ஐயா, நல்ல கேள்வி. ஒரு விஷயத்தில் இரண்டும் ஒன்று: தண்ணீரை முகத்துக்கு முகம் எதிர்க்காமல் சந்துகளில் உள்ளே விட்டு அதன் வேகத்தைக் குறைக்கின்றன. வழவழப்பான கான்கிரீட் சுவரில் அலை மோதித் திரும்பும்போது அடிமணலை வாரிக்கொண்டு போகும். கற்குவியலில் மோதும் அலை சந்துக்குச் சந்து உடைந்து ஓய்ந்துபோகும். உள்ளே சின்னக் கல், வெளியே டன் கணக்கில் எடையுள்ள பெரிய கல் என்ற வரிசையும் இதற்காகத்தான்.

மற்றபடி வேறு வேறு. கரைக்கல் லாரியிலும் கிரேனிலும் வந்து விழுந்தது, அது கொஞ்சம் நகர்ந்தாலும் பரவாயில்லை என்று கணக்குப் போட்டே கொட்டுகிறார்கள். மலைக்கட்டில் ஒவ்வொரு கல்லும் கையால் இடம் பார்த்து வைத்தது.

நமக்கு அந்தக் கரைக்கல் ஏன் தேவைப்பட்டது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 1875-ல் துறைமுக வேலை தொடங்கியது. 1881 புயல் அலைத்தடுப்புகளை உடைத்துப் போட்டது, மறுபடி கட்டினார்கள். வருஷத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை அந்தத் தடுப்பு மறித்தது. தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் தொடங்கி நம் கரை அரிக்கப்பட்டது. அரித்த கரைக்குக் கல் கொட்ட, அந்தக் கல்லுக்கு வடக்கே அரிப்பு நகர்ந்தது. மலைக்கட்டிலும் இதே சிக்கல் உண்டு. ஒருவர் தன் அடுக்கின் தண்ணீரைப் பக்கத்து வயலுக்குத் திருப்பிவிட்டால் அங்கே கட்டு போகும். அதனால் மேல் வயல்காரரும் கீழ் வயல்காரரும் பேசி வைத்துக்கொள்ளாமல் மலையில் ஓடைவழி போட முடியாது. கடற்கரையில் அப்படிப் பேசிக்கொள்ள நம் மீனவக் குப்பங்களை யாரும் முன்கூட்டிக் கூப்பிடவில்லை என்பதுதான் என் வருத்தம்.

கேள்வி: மணலி பக்கம் ஒரு மனை வாங்கியிருக்கிறோம். சுற்றுச்சுவரை இந்த முறையில் 8 அடி உயரத்துக்குக் கட்டினால் சிமெண்ட் செலவு மிச்சம் ஆகுமா? – வாசகர், மணலி

பதில்: வேண்டாம். அங்கே தரை இளகியது, கல்லும் தொலைவிலிருந்து வர வேண்டும். லாரி வாடகையே சிமெண்ட் மிச்சத்தைத் தின்றுவிடும். 8 அடிக்கு அடியில் 4 அடி அகலம் விட்டால் மனையில் பாதை எங்கே இருக்கும்?

பணத்தைவிடப் பெரிய காரணம் இன்னொன்று. 2019 டிசம்பர் 2 விடியற்காலையில் மேட்டுப்பாளையம் நடூரில் உயரமான மதில் மழையில் சரிந்து ஓட்டு வீடுகளின் மேல் விழுந்தது. தூக்கத்தில் இருந்த 17 பேர் இறந்தார்கள். சுவர் எந்த முறையில் கட்டியதாக இருந்தாலும், அதன் நிழல் விழும் தூரத்தில் ஆள் படுத்திருந்தால் உயரத்தை யோசித்துத்தான் வைக்க வேண்டும். இடுப்பளவு வேலி போதும், மேலே கம்பி வலை போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: வால்டாக்ஸ் சாலைக்குப் பெயர் தந்த பழைய மதிலும் இப்படிப்பட்டதா? – வாசகி, ஏழுகிணறு

பதில்: இல்லை. அது ஹைதர் அலியின் படையெடுப்புக்குப் பிறகு கறுப்பர் நகரத்தை (இன்றைய ஜார்ஜ் டவுன்) சுற்றிக் கிழக்கிந்தியக் கும்பினி எழுப்பிய கோட்டை மதில், முறையாகக் காரை போட்டுக் கட்டியது. அந்தச் செலவை நகரவாசிகளிடம் வரியாக வாங்க நினைத்ததிலிருந்து சாலைக்குப் பெயர் வந்தது. மிச்சம் ஒரு துண்டு பழைய ஜெயில் சாலையில் மாடிப் பூங்காவாக நிற்கிறது. ஒரு மாலை போய்ப் பாருங்கள்.

கேள்வி: மலையில் கிடைக்கும் கல்லுக்கும் நம் சென்னைக் கல்லுக்கும் வித்தியாசம் உண்டா? வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லக் கேட்கிறேன். – ஆசிரியை, தண்டையார்பேட்டை

பதில்: இதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள் டீச்சர். பழனி மலை, நீலகிரி, சேர்வராயன் மலை மூன்றிலும் பெரும்பகுதி சார்னோக்கைட் என்ற பாறை. நம் பல்லாவரம், பரங்கிமலையில் இருப்பதும் அதேதான். கொல்கத்தாவில் கும்பினி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்த கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. புவியியலாளர் தாமஸ் ஹாலந்து அந்தக் கல்லறைக் கல்லை வைத்து 1893-ல் இந்தப் பாறைக்குப் பெயர் வைத்தார். உலகம் முழுக்க இந்தப் பாறைக்கு இன்றும் அதே பெயர்தான்.

கட்டு வைக்க இது நல்ல கல்தான், கனம், எளிதில் உளுத்துப்போகாது. ஒரே தொல்லை, ஸ்லேட் மாதிரித் தகடுதகடாகப் பிளக்காது. உருண்டையும் கோணலுமாகத்தான் கிடைக்கும். ஐரோப்பாவில் சுண்ணாம்புக்கல்லும் ஸ்லேட்டும் கிடைக்கிற இடங்களில் கட்டு புத்தகம் அடுக்கிய மாதிரி வரிசையாக இருப்பதைப் படங்களில் பார்க்கலாம். நம் மலைக்காரர் உருண்டைக் கல்லை உட்கார வைக்க இரட்டை வேலை செய்கிறார். நம் கட்டுகள் படத்தில் அவ்வளவு எடுப்பாக விழாததால் அவற்றைக் குறைத்து மதிப்பிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குத் தாங்காது.

கேள்வி: இது நம் ஊரில் மட்டும் உள்ளதா, வெளிநாடுகளிலும் உண்டா? – நூலக வாசகர், வியாசர்பாடி

பதில்: கல்லும் சரிவும் உள்ள எல்லா நாட்டிலும் உண்டு. காரையில்லாக் கல்கட்டுக் கலையை யுனெஸ்கோ 2018-ல் மனிதகுலத்தின் மரபுக் கலைப் பட்டியலில் சேர்த்தது. குரோஷியா, சைப்ரஸ், பிரான்ஸ், கிரீஸ், இத்தாலி, ஸ்லோவேனியா, ஸ்பெயின், சுவிட்சர்லாந்து சேர்ந்து கேட்டார்கள். 2024-ல் அயர்லாந்து, பெல்ஜியம், ஆஸ்திரியா, லக்சம்பர்க், அண்டோரா சேர்ந்தன. ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் இந்தத் தொழிலைக் கற்றுத்தரப் பயிற்சிப் பள்ளியே இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் லவோ திராட்சைத் தோட்டங்களில் கட்டுக்கல் பகலில் வாங்கிய வெயிலை இரவில் கொடிக்குத் திருப்பிக் கொடுக்கிறது. அங்கே மூன்று சூரியன் என்பார்கள்: வானத்தில் ஒன்று, ஏரியில் பட்டுத் திரும்புவது ஒன்று, சுவரின் சூடு ஒன்று.

ஆனால் என் மனம் போவது எத்தியோப்பியாவின் கொன்சோ மக்களிடம். மழை குறைந்த, கல் நிறைந்த மலை. 21 தலைமுறையாக, 400 வருஷத்துக்கு மேல், கட்டு வைத்துச் சோளம் விளைவிக்கிறார்கள். சில இடங்களில் கட்டு 5 மீட்டர் உயரம்! 2011-ல் அது உலக மரபுச் சின்னம் ஆனது. ஐரோப்பியக் கட்டுக்குக் கிடைக்கிற புகழ் இவர்களுக்கும் நம் மலைக்காரர்களுக்கும் கிடைக்க வேண்டும்.

பெருவின் மச்சு பிச்சுவையும் சொல்ல வேண்டும். வருஷத்துக்கு ஏறக்குறைய 2,000 மில்லிமீட்டர் மழை. அடுக்குகளைத் தோண்டிப் பார்த்தவர்கள் மேலே வளமான மண், அடுத்து மணலும் சரளையும், அடியில் பெரிய கல் என்று வரிசை இருப்பதைக் கண்டார்கள். கொடுங்கையூர் மாணவருக்குச் சொன்ன வடிகால் பாடம்தான் அது.

பிலிப்பைன்ஸ் இஃபுகாவ் மலையின் நெல் அடுக்குகளில் படாத் போன்ற இடங்கள் கல்கட்டு. 1995-ல் உலக மரபுச் சின்னம் ஆன அவை, 2001-ல் ஆபத்தில் உள்ளவை என்ற பட்டியலுக்குப் போய் 2012-ல்தான் மீண்டன. இளைஞர்கள் நகரத்துக்குப் போனார்கள், இடிந்த கட்டை எடுத்து வைக்க ஆள் இல்லை. கீழே வரும் ராயபுரம் கடிதத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு.

கேள்வி: இந்தச் சந்துகளில் பாம்பு இருக்குமா ஆன்ட்டி? – ஏழாம் வகுப்பு மாணவி, பெரம்பூர்

பதில்: இருக்கும் கண்ணு. ஓணான், அரணை, தேரை, சிலந்தி, தேனீ எல்லாம் இருக்கும், பெரணியும் பாசியும் வளரும். கட்டில் கை வைக்கும் முன் கண்ணால் பார்க்க வேண்டும். முதல் கடிதம் எழுதிய வண்ணாரப்பேட்டை வாசகி மாதிரி உன் அம்மாவும் சந்தில் விரலை விடப் போனால் நீ தடுக்க வேண்டும்!

கேள்வி: அப்பாவுக்குக் கொடைக்கானல் பக்கம் மலைக்கிராமம். நாங்கள் ராயபுரத்தில் செட்டில் ஆகி ரொம்ப காலம். அவர் இறந்தபின் நிலத்தை யாரும் பார்க்கவில்லை. போன மாதம் போனபோது இரண்டு கட்டு வயிறு தள்ளி நிற்கிறது, ஒன்று சரிந்து கிடக்கிறது. மொத்தத்தையும் இடித்து கான்கிரீட் சுவர் எழுப்பலாம் என்று அண்ணன் சொல்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை. என்ன செய்வது அம்மா? – வாசகி, ராயபுரம்

பதில்: உங்கள் மனசு சொல்வதுதான் சரி அம்மா. அண்ணனிடம் நிதானமாகப் பேசுங்கள்.

கான்கிரீட் சுவருக்குச் சிமெண்டும் கம்பியும் மணலும் மலையேற வேண்டும். வண்டி போகாத வயலுக்குத் தலைச்சுமைதான். கட்டுக்கு வேண்டிய கல்லோ ஏற்கெனவே அங்கேயே கிடக்கிறது, சரிந்த கட்டின் கல் முழுவதும் அதன் காலடியில்தான் இருக்கும். செலவு கூலி மட்டும். வடிகாலைச் சரியாக விடாத கான்கிரீட் சுவர் பின்னால் தண்ணீரைத் தேக்கினால், விழும்போது மேல் அடுக்கையும் சேர்த்து இழுக்கும்.

சும்மா விட்டுவிடவும் கூடாது. ஒரு கல் விழுந்த இடத்தில் தண்ணீர் வழி கண்டுபிடிக்கும், அடுத்த மழைக்கு ஐந்து கல், அதற்கடுத்த மழைக்குக் கட்டே போகும். மேல் கட்டின் மண் கீழ்க் கட்டின் மேல் சுமையாக விழும். இத்தாலியின் சிங்க்வே தெர்ரே பகுதியில் 2011 அக்டோபர் 25-ல் கொட்டிய மழையில் வெர்னாட்சா, மொன்டெரோசோ என்ற இரண்டு ஊர்கள் சேற்றில் புதைந்தன. அங்கே கைவிடப்பட்ட பழைய அடுக்குகளின் சரிவும் சேறு சேர ஒரு காரணம். உங்கள் நிலத்துக்குக் கீழே யாருடைய வயல், யாருடைய வீடு என்று பாருங்கள். அவர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது.

செய்ய வேண்டியது இது. தைக்குப் பிறகு மழை ஓய்ந்ததும் வேலையைத் தொடங்கி, ஐப்பசி மழைக்கு வெகு முன்பே முடித்துவிடுங்கள். வயிறு தள்ளிய கட்டை முன்னாலிருந்து முட்டுக்கொடுத்துத் தள்ளிச் சரிசெய்ய முடியாது. அந்த இடத்தை மேலிருந்து கீழாகப் பிரித்து, நல்ல கல் வரும்வரை போக வேண்டும். பிரித்த கல்லை வகை பிரித்து வையுங்கள். பின்னால் இறங்கியிருக்கும் மண்ணை வெட்டி எடுத்து மேல் பாத்தியில் போட்டுவிட்டு, திருவொற்றியூர்த் தம்பிக்குச் சொன்ன முறையில் மறுபடி ஏற்றுங்கள். கட்டில் முளைத்த மரக்கன்றை வேரோடு இழுத்தால் கட்டு சேர்ந்து வரும், தரையோடு வெட்டிவிட்டால் போதும். புல்லும் பெரணியும் இருந்துவிட்டுப் போகட்டும்.

முதலில் சரிந்து கிடப்பதையும் அதற்கு மேல் உள்ளதையும் பாருங்கள், மீதி அடுத்த வருஷம். மேல் பாத்தியின் தண்ணீர் எங்கே போகிறது என்று ஒரு மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு நின்று பார்க்க வேண்டும். மழை அதிகமான மலையில் பாத்தி மலைப்பக்கம் லேசாகச் சாய்ந்து, உட்புறக் கால்வாயில் தண்ணீர் ஓடி, பக்கத்து ஓடைக்குப் போக வேண்டும். நீலகிரியில் உருளைக்கிழங்கு வயல்களுக்கு நாங்கள் போட்டது அப்படித்தான். அந்தக் கால்வாய் தூர்ந்திருந்தால் உங்கள் கட்டு வயிறு தள்ளியதற்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம்.

கிராமத்தில் வயதான கட்டாளி யாராவது இருப்பார். அவரை மேஸ்திரியாக வைத்து, இளைஞர் இருவரை உடன் நிறுத்துங்கள். அதற்கான கூலியைக் குறைக்க வேண்டாம். நிலத்தைப் பார்க்க ஆள் இல்லையென்றால் உள்ளூரிலேயே ஒருவருக்குக் குத்தகைக்கு விடுங்கள். வருஷா வருஷம் விழுந்த கல்லை எடுத்து வைப்பது அவர் பொறுப்பு என்று வாய்ப்பேச்சாக விடாமல் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குத்தகைப் பணம் குறைந்தாலும் பரவாயில்லை. விளைச்சல் எடுக்கிற ஒருவர் தினமும் நடக்கிற வயலில்தான் கட்டு நிற்கும்.

கேள்வி: டிசம்பர் விடுமுறையில் எங்கள் மன்றப் பிள்ளைகளை அழைத்துப் போகலாமா? எங்கே, எதைப் பார்க்க வேண்டும்? – வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: தாராளமாக. கொடைக்கானலிலிருந்து பூம்பாறை 18 கிலோமீட்டர் அளவு, பேருந்து உண்டு. மன்னவனூர் இன்னும் உள்ளே. மழை பெய்த மறுநாள் போனால் கட்டின் அடிவரிசையில் தண்ணீர் கசிவதைக் காட்டலாம், வேலை செய்கிற கட்டுக்கு அதுதான் அடையாளம். வயல்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். கட்டின் மேல் யாரையும் நடக்கவிடாதீர்கள், ஒரு கல்லைக்கூட எடுக்க வேண்டாம். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு அங்கேயே கிடைக்கும், வாங்குகிறவர்கள் விளைவித்தவரிடமே வாங்குங்கள். குளிர் கடுமையாக இருக்கும், பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் மறக்க வேண்டாம்.